பிரேக் ஃபெயில் ஆகல, மயங்கிடுச்சு

1/ லீவு விட்டா நம்ம காரைக்கால்ல இருந்து கொடைக்கானல் கிளம்பாத குடும்பம் குறைவு. நம்ம ஊர்ல பெரிய ஏத்தம்னா அரசலாத்துப் பாலம்தான். அதனாலதான் இந்த த்ரெட். மருந்து, மாத்திரை பத்தி இல்ல; பிரேக் பத்தி. ஸ்டியரிங் பிடிக்கிறவங்க அவசியம் படிங்க.

2/ போன வருஷம் கொடைக்கானல்ல இருந்து இறங்கிட்டிருந்தேன். வண்டியில அப்பா, அம்மா, மனைவி, பொண்ணு. டம் டம் பாறை வர்றதுக்கு முன்னாடி கருகுற வாடை. முன்னால போற லாரின்னு நினைச்சேன். அடுத்த வளைவுல பிரேக்கை மிதிச்சா, பஞ்சை மிதிச்ச மாதிரி கால் உள்ள போகுது. வண்டி நிக்கல.

3/ மறுபடி மறுபடி மிதிச்சு, கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, மலைப்பக்கமா ஒதுக்கி நிறுத்தினேன். டீக்கடை அண்ணன் ஓடி வந்தார். “தண்ணி ஊத்திராதீங்க தம்பி, டிஸ்க் விரிசல் விட்டுரும். சும்மா நிக்கட்டும். எந்த கியர்ல இறங்குனீங்க?” நாலாவதுன்னேன். “ஏறுன கியர்லதான் இறங்கணும்”னார்.

4/ முக்கால் மணி நேரம் கழிச்சு மிதிச்சுப் பார்த்தா பிரேக் பழையபடி கிண்ணுனு இருக்கு! ஊருக்கு வந்து மெக்கானிக்கிட்ட காட்டினா, “பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு” என்கிறார். மயக்கம் போட்டவர் ஆஸ்பத்திரி வாசல்ல எழுந்து உட்கார்ற மாதிரி. சூடு ஆறினதும் நோயே தெரியாது.

5/ இதுக்குப் பேர் ‘பிரேக் ஃபேட்’. 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்குதுன்னு வைங்க. அந்த ஆற்றல் மொத்தமும் சூடா மாறினா, சுமார் 50 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். கொடைக்கானல் இறக்கம் அதைவிட அதிகம். காலால மட்டுமே வேகத்தைக் குறைச்சா, பெரும்பகுதி சூட்டை அந்த நாலு பிரேக்தான் தாங்கணும்.

6/ ரெண்டு விதமா கைவிடும். ஒண்ணு, பேட் சூடேறி பிடிமானம் குறையும். பெடல் கெட்டியா இருக்கும், வண்டி நிக்காது. ரெண்டு, பிரேக் ஆயில் கொதிச்சு ஆவிக் குமிழ் வரும், பெடல் பஞ்சாகும். எனக்கு ரெண்டாவது. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலோட கொதிநிலை புதுசுல குறைஞ்சது 205 டிகிரி. ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கலாம். கடலோரத்துல இருக்கோம், யோசிங்க.

7/ இது புது வியாதி இல்ல. 1908-ல பம்பாய்–கோலாப்பூர் சோதனை ஓட்டத்துல ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் மலைக் கணவாய்களைக் கடந்து ஜெயிச்சது. அவ்வளவு ஆடம்பரக் கார்ல கால் பிரேக், கியர்பாக்ஸ் பின்னாடி இருந்த தண்டுல. கை பிரேக், பின் சக்கரங்கள்ல. முன் சக்கரத்துக்கு பிரேக் வந்தது 1920-கள்லதான். அதனால அன்னிக்கு இறக்கத்துல இன்ஜினை நம்பித்தான் ஓட்டினாங்க. பிரேக் நல்லா ஆக ஆக, நாம அந்தப் பழக்கத்தை மறந்துட்டோம்.

8/ இன்னிக்கு இதுக்குன்னே சோதனை இருக்கு. ஐ.நா. வாகன விதி 13-எச் படி, 45 நொடிக்கு ஒரு தடவை, 15 தடவை வேகத்தைப் பாதியாக் குறைச்சு பிரேக்கைச் சூடேத்துவாங்க. அப்புறம் அளந்தா, குளிர்ந்தப்போ இருந்த திறன்ல 60 சதவீதமாவது மிஞ்சணும். அதாவது, சூடானா பலம் குறையும்னு விதியே ஒத்துக்குது.

9/ செய்ய வேண்டியது:
• இறக்கத்துல ரெண்டாவது, தேவைன்னா முதல் கியர். ஆட்டோமேட்டிக்னா எல் அல்லது மேனுவல்.
• நியூட்ரல் கூடாது. இன்ஜினை ஆஃப் பண்ணவே கூடாது.
• பிரேக்ல காலை வெச்சபடியே இறங்காதீங்க. அழுத்திக் குறைச்சுட்டு விடுங்க.
• வாடை வந்தா உடனே ஓரங்கட்டுங்க. தண்ணி ஊத்தாதீங்க.
• ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாத்துங்க.

10/ கடைசியா ஒண்ணு. கேஷுவாலிட்டில “பிரேக் பிடிக்கல சார்”னு அழுத டிரைவர்களைப் பார்த்திருக்கேன். ஏ.ஆர். புத்தகத்துல எழுதும்போதே, ‘தூங்கியிருப்பார்’னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருக்கேன். அதுல சிலர் சொன்னது நிஜமா இருந்திருக்கலாம். இப்ப அப்படி நினைக்கிறதில்ல. ஏன்னா அந்த வளைவுல நான் நிக்காம போயிருந்தா, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.