றொசல்லயில் இரண்டு நாள்

வட்டவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையில், தேயிலைச் சரிவுகளிடையே அமைந்த சிற்றூர் றொசல்ல. சிறியதொரு புகையிரத நிலையமும் உண்டு. மழைக்கோ குறைவே இல்லை. சென்ற விடுமுறையில் நண்பருடைய பழைய மினி கூப்பரில் அவ்வழியே சென்றோம். வளைவுதோறும் முன்சக்கரத்தில் ‘டக், டக்’கென்று ஓசை எழவே, வண்டியை ஒரு கராஜில் நிறுத்தினோம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்தது மினி. அதன் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன, திரும்புவனவும் அவையே. இரண்டையும் ஒருங்கே இயலச் செய்வது, அச்சின் வெளிநுனியில் ஆறு எஃகுக் குண்டுகளுடன் அமைந்த மூட்டாகும். அதன் கிறீஸைக் காப்பது ஒரு றப்பர் உறை.

“உறை கிழிந்தவுடனே பார்த்திருந்தால் உறையோடு போயிருக்கும், ஐயா. மழைநீரும் மணலும் புகுந்து மூட்டையே தின்றுவிட்டன” என்றார் முதிய மெக்கானிக். மற்றைச் சக்கரத்தின் உறையில் வெடிப்பு மட்டுமே கண்டிருந்தது. அம்மூட்டைக் கழுவி, புதுக் கிறீஸ் நிரப்பி, புதிய உறையைப் பட்டிகளால் இறுக்கினார். நட்டை முறுக்கி, கழலாதிருக்கப் பின்னும் செருகினார். மறுபக்கத்துக்குரிய மூட்டு கொழும்பிலிருந்து வர இரண்டு நாளாயிற்று.

அன்று மாலை, லயத்து வாசலில் ஒரு தாய், கொழுந்து பறிக்கையில் இடையிற் கட்டும் படங்கின் சிறு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கும் மழைதானே, ஐயா” என்றார்.

நண்பர் தலைகுனிந்தார்.