ஒன்பது பெயர்கள்

இலங்கையில் அதிகாலை 4.37 என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 7.07. 2025 கோடை முழுக்க எங்கட வீட்டு அலாரம் அந்த நேரத்துக்குத்தான் அடித்தது. அம்மா எழும்பித் தேத்தண்ணி வைக்க முதலே நாங்கள் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருப்போம். மூன்று பேர் என்றால் சகோதரங்கள் இரண்டு பேரும் பெரியம்மாவின் மகளும். ஸ்காபரோவில் இருந்து சித்தப்பா முதலே ஒரு குரல்பதிவு அனுப்பியிருப்பார். அதில் வணக்கமும் இருக்காது, சுகம் விசாரிப்பும் இருக்காது. ஒன்பது பெயர்கள் மட்டும் இருக்கும். அன்றைக்கு புளூ ஜேய்ஸ் இறக்கப்போகிற துடுப்பாட்ட வரிசை அது. கடைசிப் பெயருக்குப் பிறகு ஒரு பெருமூச்சு, அல்லது "இவனுக்கென்ன விசரே" என்று முகாமையாளர் ஜோன் ஷ்னைடருக்கு ஒரு திட்டு.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பேஸ்போலா என்று சிநேகிதர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்களுக்கு அந்த விளையாட்டு வந்தது சித்தப்பா வழியாக. அவர் கனடாவில் போய் இறங்கியது 1993இல். அந்த ஒக்டோபரில் ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னோடு புளூ ஜேய்ஸ் தொடர்ந்து இரண்டாவது முறையாக உலகத் தொடரை வென்றது. தெருவெல்லாம் கார்கள் ஹோர்ன் அடிக்க, என்ன நடந்தது என்று விளங்காமல் யன்னலில் நின்று பார்த்தாராம். பிறகு வேலையிடத்தில் கூட நின்றவர்களிடம் கேட்டுக்கேட்டுப் பழகினார். எங்களுக்கு அவர் சொல்லித் தந்தது இன்னும் சுருக்கம்: "எங்கட எல்லே மாதிரித்தான். அடிச்சுப்போட்டுச் சுத்தி ஓடு. மிச்சம் எல்லாம் கணக்கு."

அந்த மிச்சக் கணக்கில்தான் நாங்கள் விழுந்தோம்.

கிரிக்கெட்டில் பதினொரு பேரைத் தெரிந்துவிட்டால் அந்தத் தலையிடி கொஞ்ச நாளைக்கு ஓய்ந்துவிடும். பேஸ்போலில் ஓர் அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஆட்டம், ஒவ்வொரு நாளும் புதுப் பட்டியல். ஒன்பது பேர் ஒரே ஒழுங்கில் மாறிமாறி அடிக்க வருவார்கள். இடையில் ஒருவரை வெளியில் எடுத்தால் அன்றைக்கு அவர் திரும்ப உள்ளே வரமுடியாது. எதிரணியில் இடதுகையால் எறிபவர் என்றால் வலதுகைக்காரர்களைக் கூட இறக்குவார்கள். எதிர்க்கைப் பந்து கண்ணுக்குக் கொஞ்சம் கூடநேரம் தெரியும், வளைந்தாலும் அடிப்பவரை நோக்கி வரும் என்பது காரணம். அதனால் முதல்நாள் ஹோம் ரன் அடித்த பெடியன் அடுத்தநாள் வாங்கில் இருப்பான். அதைப் பார்த்து எங்களுக்குக் கோபம் வரும்.

2024இல் புளூ ஜேய்ஸ் 74 வெற்றி, 88 தோல்வி. அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவின் ஐந்து அணிகளில் கடைசி. அந்த வருஷம் ஜோர்ஜ் ஸ்பிரிங்கரின் அடிச் சராசரி 0.220. வயது 35ஐ எட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் முதலாவதாக வருகிறவர் அவர். முதலாவதாக வருகிறவருக்குத்தான் ஒரு பருவத்தில் ஆகக்கூடிய வாய்ப்புக் கிடைக்கும். 2025 பங்குனியில் நாங்கள் மூன்று பேரும் ஒரே முடிவில் இருந்தோம்: ஆளைக் கழற்றிவிட வேண்டும். சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்துவிட்டு வாங்கில் இருத்தலாம். எங்களிடம் எண்கள் இருந்தன. வயதுக்கு ஏற்பத் துடுப்பின் வேகம் குறைவது பற்றி வாசித்த கட்டுரைகள் இருந்தன.

சித்தப்பா வழமையாக எங்களோடு சிரித்துச் சிரித்துத்தான் சண்டை பிடிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"வயசைச் சொல்லி ஆளைக் கழிக்காதேங்கோ பிள்ளையள். அவன் இன்னும் நிக்கிறான்தானே."

"நிக்கிறது காணாது சித்தப்பா, அடிக்கோணும்."

"சரி, சரி. படுங்கோ போய்." போனை வைத்துவிட்டார். ஏன் அவ்வளவு கோபம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கிழவனுக்குக் கிழவன் வக்காலத்து என்று பகிடி விட்டுக்கொண்டு படுத்தோம்.

அந்தப் பருவம் எங்கட எண்களை ஒவ்வொன்றாகக் கிழித்தது. ஸ்பிரிங்கர் 0.309 சராசரியும் 32 ஹோம் ரன்களும் எடுத்தார். அணி முழுக்கவே மாறியிருந்தது. முழு லீக்கிலும் ஆகக்குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணிகளில் ஒன்று அந்த வருஷம் புளூ ஜேய்ஸ். பெரிய வீச்சு வீசி ஏமாறுவதைவிடப் பந்தைத் தொட்டுக் களத்துக்குள் போடுகிற அணி. ஜூலை 1, கனடா தினம். யாங்கீஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்பிரிங்கர் இரண்டு ஹோம் ரன் அடித்தார், ஒன்று மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது. 12-5 வெற்றி. அந்த நான்கு ஆட்டங்களையும் ரொறன்ரோவே எடுத்தது. சித்தப்பா அன்றைக்கு அனுப்பிய குரல்பதிவில் பேச்சே இல்லை, அவர் சிரித்த சத்தம் மட்டும் பதினைந்து விநாடி.

செப்டெம்பர் 6 நியூயோர்க்கில் போ பிஷெட் ஹோம் தளத்துக்குச் சறுக்கும்போது கட்சரோடு மோதி இடது முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார். 0.311 சராசரி, 94 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தவர். பிரிவுப் போட்டி இறுகுகிற மாதத்தில் வரிசையின் நடுவில் ஒரு ஓட்டை. அவருடைய சோர்ட்ஸ்டொப் இடத்துக்கு அன்ட்ரேஸ் ஹிமெனெஸ் போகலாம், அவர் களத்தில் புலி. ஆனால் பிஷெட்டின் அடியை யார் அடிப்பது? நாங்கள் மூன்று பேரும் முதல் தடவையாக மூன்றாகப் பிரிந்தோம். ஒருவருக்கு அடிசன் பார்ஜர், ஒருவருக்கு டேவிஸ் ஷ்னைடர், பெரியம்மாவின் மகளுக்கு ஏர்னி கிளெமென்ட். வேறு அணி கைவிட்டு வந்த ஆள், எந்த இடத்தில் விட்டாலும் நிற்பான் என்பது அவளுடைய வாதம். காலைச் சாப்பாட்டு மேசையில் புட்டு ஆறிக்கிடக்கும். அப்பா கேட்பார், "உவங்கள் ஆரடா? ஊர்க்காரரோ?"

பெரிய சண்டை அந்தோனி சன்டன்டேரைப் பற்றியது. ஐந்து வருஷத்துக்கு 92.5 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் வந்தவர். தோள் காயத்தால் மாதக்கணக்கில் வெளியில். அந்தப் பருவத்தில் மொத்தம் 54 ஆட்டம், 0.175 சராசரி. செப்டெம்பர் கடைசி வாரத்தில் அவர் திரும்பியபோது, ஸ்பிரிங்கரிடம் பாடம் படித்த நாங்கள் நல்ல பிள்ளையளாக அவர் பக்கம் நின்றோம். பொறுமை வேண்டும், நம்பிக்கை வேண்டும், ஸ்பிரிங்கரைப் போல இவரும் எழும்புவார்.

சித்தப்பா ஒரேயடியாக மறுத்தார். "அது வேற கதை, இது வேற கதை. ஸ்பிரிங்கருக்கு ஏப்ரல் இருந்தது. பிழைச்சாலும் திருத்த நாள் இருந்தது. இவனுக்கு ஒரு கிழமை. காயத்தில இருந்து வாறவனைக் கடைசிக் கிழமையில கொண்டுபோய் நடுவில நிப்பாட்டுறது அவனுக்கும் நல்லதில்லை."

எங்களுக்கு அது நெஞ்சில் தைத்தது. நாங்கள் ஒரு விதியை எடுத்துவிட்டு இன்னொரு விதியை வைத்திருந்தோம், அவ்வளவுதான். "எண்ணை மட்டும் பார்" என்பதற்குப் பதில் "பொறுத்திருந்து பார்". சித்தப்பா ஒவ்வொரு முறையும் ஆளைப் பார்த்தார், நாளைப் பார்த்தார், பிறகுதான் எண்ணைப் பார்த்தார்.

இதே நாட்களில்தான் சித்தி அம்மாவோடு கதைக்கும்போது வாய்தவறிச் சொன்னா. மாசியில் இருந்து சித்தப்பாவை வேலையிடத்தில் மெஷினில் விடுவதில்லையாம். இருபது வருஷத்துக்கு மேல் அவர் நின்ற மெஷின். இப்போது பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற மேசையில் இருத்தியிருக்கிறார்களாம். அவருக்கு 59 வயது. "மனிசன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களும் கேட்டுப்போடாதேங்கோ."

மாசி. நாங்கள் ஸ்பிரிங்கரைக் கழற்றிவிடச் சொன்னது பங்குனி.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. ஸ்பிரிங்கரின் ஒவ்வொரு மாதச் சராசரியும் எங்களுக்குப் பாடம். அவர் எந்தக் கைப் பந்துக்கு எப்படி அடிக்கிறார் என்பது தெரியும். ஒவ்வொரு நாளும் எங்களோடு கதைக்கிற மனிதர் எட்டு மணித்தியாலம் எந்த மேசையில் நிற்கிறார் என்பது தெரியாது. கேட்டதும் இல்லை.

அவருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு விஷயம் இருந்தது. 2025இல் ஸ்பிரிங்கர் பல நாட்கள் களத்தடுப்புக்கே போகவில்லை. அடிக்க மட்டும் இறங்குகிற இடத்தில்தான் அவரைக் கூடுதலாக வைத்தார்கள். அவரும் ஒருவகையில் இடம் மாற்றப்பட்டவர்தான். அந்த இடத்தில் நின்றுதான் தன் நல்ல வருஷங்களில் ஒன்றை ஆடினார். இதைச் சொல்லலாமா என்று மூன்று பேரும் யோசித்தோம். பெரியம்மாவின் மகள்தான் வேண்டாம் என்றாள். "ஸ்பிரிங்கருக்குக் களைப்புக் குறைய இடம் மாத்தினவங்கள். சித்தப்பாவை ஏன் மாத்தினவங்கள் எண்டு எங்களுக்குத் தெரியாது." அவள் சொன்னது சரி. சொல்லாமல் விட்டோம். ஆனால் அதற்குப் பிறகு குரல்பதிவுக்குப் பதில் அனுப்பும்போது, வரிசையைப் பற்றிக் கதைக்க முதல், "வேலை எப்பிடி சித்தப்பா?" என்று கேட்கத் தொடங்கினோம். முதல் இரண்டு தரம் "இருக்குது" என்றார். மூன்றாம் தரம் கொஞ்சம் கூடக் கதைத்தார்.

வசதியாக முன்னுக்கு நின்ற அணி கடைசி வாரத்தில் யாங்கீஸோடு சமநிலைக்கு வந்திருந்தது. இரண்டு அணிக்கும் அடுத்த சுற்று உறுதிதான். ஆனால் பிரிவை வெல்கிறவர் முதற்சுற்றைத் தாண்டி நேரே போகலாம், மற்றவர் மூன்று ஆட்டக் குறுந்தொடரில் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். செப்டெம்பர் 28 ஞாயிறு, கடைசி ஆட்டம். இங்கே நள்ளிரவு தாண்டித் திங்கள் பிறந்திருந்தது. அலாரம் தேவைப்படவில்லை, ஒருவரும் படுக்கவில்லை. சித்தப்பாவுக்கு லீவு நாள். வீடியோவில் வந்து தன் தொலைக்காட்சிப் பக்கம் போனைத் திருப்பி வைத்தார்.

யாங்கீஸ் தங்கள் ஆட்டத்தை 3-2 என வென்றது. ரொறன்ரோவில் அலெஹான்ட்ரோ கேர்க் இரண்டு ஹோம் ரன் அடித்தார், ஒன்று மூன்று தளங்களும் நிறைந்திருக்கும்போது. ஐந்தடி எட்டங்குலம் உயரம், பருத்த உடம்பு, இவரா விளையாட்டுக்காரர் என்று கேட்கவைக்கிற தோற்றம். டம்பா பேக்கு எதிராக 13-4. இரண்டு அணிக்கும் 94 வெற்றி, 68 தோல்வி. முன்பென்றால் இன்னொரு ஆட்டம் வைப்பார்கள். 2022இல் இருந்து அது இல்லை. ஒருவரோடு ஒருவர் ஆடிய 13 ஆட்டக் கணக்குத்தான் தீர்ப்பு. அது ரொறன்ரோவுக்கு 8-5. 2015க்குப் பிறகு முதல் தடவையாகப் பிரிவு எங்களுக்கு.

அந்த எட்டில் நான்கு, அந்தக் கனடா தினத் தொடரில் எடுத்தவை. வாங்கில் இருத்தச் சொன்ன மனிதர் கனடா தினத்தில் அடித்த அடி, மூன்று மாதம் கழித்து வந்து கணக்கை முடித்தது. சித்தப்பா அதைக் கவனித்தார் என்பது எங்களுக்கு நிச்சயம். "நான் சொன்னன்தானே" என்று ஒரு சொல் சொல்லவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், பதினொராவது இன்னிங்ஸ், டொட்ஜர்ஸுக்கு 5-4. காலோடு திரும்பி வந்த பிஷெட் அதில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவருக்குப் பதிலாக ஓட இறக்கிய ஐசையா கைனர் ஃபலேஃபா ஹோம் தளத்தில் ஒரு நூலிழையில் அவுட். மூன்றாம் தளத்தை விட்டு இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால்? தளத்துக்குக் கிட்ட நிற்கச் சொன்னவர்கள் என்று அவர் பிறகு சொன்னார். நாங்கள் இன்னும் அதைப்பற்றிச் சண்டை பிடிக்கிறோம், மூன்று கட்சியாக.

சித்தப்பா அதில் எந்தக் கட்சியும் இல்லை. "நிண்டவனைக் கேளுங்கோ" என்கிறார். அடுத்த நாள் ஆறு மணி ஷிப்டுக்கு வெளிக்கிட வேண்டும் என்று போனை வைக்கிறார். வைக்க முதல் இப்போதெல்லாம் தானாகவே லேபிள் மேசையில் அன்றைக்கு நடந்த ஒரு பகிடியைச் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்.