எழுத்தில்லாத புத்தகம்

மெல்போர்னிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். புரட்டினேன். நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும்; எல்லாம் பென்சில் சித்திரம். கதையில் ஒரு வரிகூட எழுத்து இல்லை! நாற்பது வருஷமாக எழுத்தை விற்று அரிசி வாங்குகிறவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டான் 2006இல் வெளியிட்ட 'தி அரைவல்' அது. மனைவியையும் மகளையும் விட்டுப் பிரிந்து, ஒரு பெட்டியோடு கப்பலேறி, பாஷை தெரியாத ஊருக்குப் பிழைக்கப் போகிறான் ஒருவன். அந்த ஊரும் விசித்திரம். அங்குள்ள பிராணிகளும் விசித்திரம். ஓவியரின் தகப்பனாரே 1960இல் மலேயாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனவர்தான். கதாநாயகனுக்கு மாதிரியாக ஓவியர் தம்மையே வைத்துக்கொண்டு வரைந்தாராம்.

நான் வழக்கப்படி ஆரம்பித்தேன். "பாவம், அவன் மனசிலே..."

"தாத்தா, நீங்க பேசாம இருங்க. நான் பார்க்கணும்."

வாயை மூடிக்கொண்டேன். கப்பல் புறப்பட்டது. இரண்டு பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாக மேகங்கள், வேறொன்றும் இல்லை. எனக்குப் பொறுமை போயிற்று. பக்கத்தைத் திருப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேகத்தின் மேலும் விரலை வைத்து நகர்த்தினாள்.

"எதுக்கும்மா இத்தனை மேகம்?"

"அவர் கப்பல்லே இருக்கார் தாத்தா. பார்க்கிறதுக்கு வேறே என்ன இருக்கு?"

என் நாவல்களில் இப்படி ஓர் இடம் வந்தால், 'நாட்கள் உருண்டோடின' என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன். எத்தனை தடவை உருட்டியிருக்கிறேன்!

அவன் கரையிறங்கிய ஊரில் எங்கே பார்த்தாலும் எழுத்து. உலகத்தில் எந்தப் பாஷைக்கும் சொந்தமில்லாத எழுத்து; ஓவியர் தாமே உண்டாக்கியது. அவனுக்கும் புரியாது, நமக்கும் புரியாது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"உங்களுக்கும் படிக்கத் தெரியலையா?" அவளுக்குத்தான் என்ன சந்தோஷம்!

"தெரியலையே."

உடனே எழுந்து போய், அலமாரியிலிருந்து என் நாவல் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. கற்றுக்கொடு என்று என் மகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நடுப்பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"எனக்கு இதுவும் அப்படித்தான் இருக்கு."

குறையாகச் சொல்லவில்லை, ஏதோ ஒரு சமாசாரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு புத்தகத்தை மூடி, அட்டையில் கிணற்றடியில் நிற்கும் பெண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ யாரு தாத்தா? ஏன் அங்கேயே நிக்கிறா?"

சொல்ல ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவள் என்னைத் தடுக்கவில்லை.