கருநீலத் துணியும் ஒரு கடனும்

1996ஆம் ஆண்டு என் மூத்த மகன் பத்தாம் வகுப்பில் தேறினான். பரிசாக ஜீன்ஸ் ஒன்று கேட்டான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளியாயிருந்த எனக்குக் கடைகளில் தொங்கிய ஜீன்ஸின் விலை கட்டுப்படியாகவில்லை.

அதற்கு முந்திய ஆண்டுதான், 1995இல், ஆமதாபாத்தின் அரவிந்த் ஆலையார் 'ரஃப் அண்ட் டஃப்' என்னும் பெயரில் தைக்காத ஜீன்ஸை விற்கத் தொடங்கியிருந்தனர். டெனிம் துணி, ஜிப், பித்தான், ரிவெட்டுகள், தோல் முத்திரை யாவும் ஒரே பொட்டலத்தில். விலை 195 ரூபாய். தைத்துக்கொள்வது அவரவர் பாடு.

பொட்டலத்தை எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்தேன். அட்டை போல் விறைத்திருந்த அக்கருநீலத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முரட்டுத் துணி, சார். கூலி அறுபது ரூபாய் ஆகும்" என்றார். நானோ பேரம் பேசி நாற்பதுக்கு இறக்கினேன். இடுப்புப் பட்டையில் துணி பல மடிப்பாய்ச் சேருமிடத்தில் அவருடைய ஊசி இருமுறை முறிந்தது. மடிப்பைச் சுத்தியலால் தட்டிப் பதப்படுத்தி, மெல்ல மெல்லத் தைத்து முடித்தார். விரலில் கந்தலைச் சுற்றியிருந்தார். ஆயினும் கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

மகன் அதைக் கல்லூரி முடியும்வரை உடுத்தினான். டெனிமில் நெடுக்கு நூலுக்கு மட்டுமே நீலச் சாயம். அதுவும் நூலின் மேற்புறத்தில் மட்டுமே படிகிறது. உராயும் இடங்களில் சாயம் உதிர, உள்ளிருக்கும் வெண்மை தோன்றுகிறது. மண்டியிட்டு மிதிவண்டி பழுதுபார்த்த முழங்காலும், பணப்பை வைத்த பின்பையும் அவ்வாறே வெளுத்தன. அவன் வாழ்ந்த ஆண்டுகள் அத்துணியில் பதிந்திருந்தன.

அண்மையில் என் பேரன் பூவிருந்தவல்லிக்கு வந்தபோது, புதிதாய் வாங்கிய ஜீன்ஸ் அணிந்திருந்தான். முழங்கால் வெளுத்து, தொடை கிழிந்திருந்தது! புதுத்துணியைப் பழையதாக்க ஆலைகளிலே கல்லிட்டு வெளுப்பதும், மணலைப் பீய்ச்சித் தேய்ப்பதும் உண்டு. மணல் தூசியால் தொழிலாளரின் நுரையீரல் கெட்டதால், துருக்கி நாடு 2009ஆம் ஆண்டு ஜீன்ஸ் ஆலைகளில் அம்முறையைத் தடைசெய்தது. பிறர் மூச்சை விலையாகக் கொடுத்தா நாம் பழமையை வாங்க வேண்டும்?

இன்று சில சிறு நிறுவனங்கள் வெளுக்காத டெனிமையே தைத்து விற்கின்றன. ஜப்பானின் கோஜிமா நகர் இதற்குப் பெயர்பெற்றது. "நீங்களே உடுத்தி வெளுத்துக்கொள்ளுங்கள்" என்பதே அவர்கள் கொள்கை. உலகம் இதைப் புதுமையென வியக்கிறது. எங்கள் தெருவில் அது நாற்பது ரூபாய்க் கூலிக்கு நடந்தது!

ரிவெட் வைத்த ஜீன்ஸை முதலில் உருவாக்கியவரும் ஒரு தையற்காரரே. அமெரிக்காவின் ரீனோ நகரில் தொழில் செய்த ஜேக்கப் டேவிஸ், உழைப்பாளியின் பை கிழியாதிருக்க அதன் மூலைகளில் ரிவெட் அடித்தார். லீவை ஸ்ட்ராஸ் என்னும் துணி வணிகருடன் சேர்ந்து 1873ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் காப்புரிமையும் பெற்றார். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

எங்கள் தையற்காரர் ஆவடிப் பக்கம் குடிபெயர்ந்ததாகக் கேள்வி. இருமுறை தேடிச் சென்றேன், காணவில்லை. மகனின் அந்த ஜீன்ஸ் இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது. துணி வெளுத்துவிட்டது, தையல் ஓரிடத்திலும் விடவில்லை. அந்த இருபது ரூபாய்க் கடனும் அப்படியே நிற்கிறது.

அன்பு வாசகர்களே, உங்கள் தெருவில் இன்னும் ஒரு தையற்காரர் இருப்பாராயின், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.