கைகள் மறவாத தொழில்

டிமென்ஷியா என்று வைத்தியர்களும் மறதி நோய் என்று மற்றவர்களும் சொல்லுகிற வியாதிக்கு ஆளான முதியோர் வசிக்கும் இல்லமொன்றை, சென்னைக்குத் தெற்கே சென்று நான் பார்த்தபோது, என் மனத்தை ஈர்த்தவை அங்கே தரப்படும் மருந்துகளல்ல. அம்முதியோர் ஈடுபடுவதற்குரிய வேலைகளை ஆராய்ந்து வகுக்கும் பெண்மணியும், அவற்றை நடத்திவைக்கும் ஆயாமாரும் தம் தொழிலில் காட்டிய நுட்பமேயாகும்.

இவ்வகை நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்ஸைமர் நோயில், காலையில் நடந்தது மாலையில் ஞாபகத்தில் நிற்பதில்லை. ஆயினும் ஆயுள் முழுவதும் செய்து பழகிய கைவேலை, மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால், நெடுநாள் வரையில் எஞ்சி நிற்கிறது. எஞ்சியிருக்கும் அத்திறமையைத் தேடிக் கண்டுபிடிப்பதே அப்பெண்மணியின் முதல் வேலை.

மளிகைக் கடை நடத்திய பெரியவர் ஒருவர், தம் மகனையே இன்னாரென்று அறியாதவர், அன்று காலை அமைதியிழந்து வாசற்கதவை அசைத்தவண்ணம் நின்றார். ஆயா அவரைத் தடுக்கவில்லை. "ஐயா, கொத்தமல்லி விதை நூறு கிராம் வேணும், பொட்டலம் கட்டித் தர்றீங்களா?" என்று கேட்டாள். மேசையருகே வந்து அமர்ந்தவர், காகிதத்தை ஒரே சுழற்றில் கூம்பாக்கி, விதையை இட்டு, வாயை மடித்து, நூலை நாலு சுற்றுச் சுற்றி, விரலில் முறுக்கி வெடுக்கென்று அறுத்தார்.

"கணக்குல எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க ஐயா, ஒண்ணாந்தேதி தர்றேன்."

பெரியவர் முகம் மலர்ந்தது. கதவின் நினைவே அவருக்கு எழவில்லை.

இந்தச் சில நிமிஷங்களுக்குப் பின்னே இருந்த ஆயத்தம் சாமானியமானதன்று. காகிதம் அளவாக நறுக்கப்பட்டிருந்தது; நூல்கண்டு உருண்டோடாதபடி ஒரு கிண்ணத்தில் இருந்தது; மங்கிய பார்வைக்கும் புலப்படுமாறு கருநிறத் துணியின்மேல் வெள்ளைத் தட்டு வைக்கப்பட்டிருந்தது; வேறெந்தப் பொருளும் மேசையில் இல்லை. மாலையில் பலருக்குக் கலக்கம் மிகுவதால், இவ்வேலைகள் முற்பகலிலேயே நடைபெறுகின்றன. பூத் தொடுக்க இயலாதவருக்கு இரண்டிரண்டாகப் பூவை எடுத்துக் கொடுக்கும் வேலையும், அதுவும் இயலாதவருக்கு மல்லிகையை ஏந்தி முகர்ந்து மகிழும் வாய்ப்பும் உண்டு. "இது ஞாபகம் இருக்கிறதா?" என்று இங்கே எவரும் கேட்பதில்லை, பிழையைச் சுட்டிக்காட்டுவதுமில்லை.

குழந்தைகளுக்கெனக் கல்விமுறை வகுத்து, 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கோட்பாடுகளை, 1990-களில் அமெரிக்க உளவியலறிஞர் கேமரன் கேம்ப் மறதி நோயாளருக்கு ஏற்ற விதமாக அமைத்தார். இங்கே நான் கண்டதும் அந்த மார்க்கமே. ஆனால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் ஒன்றுகூட இங்கில்லை. எண்பது வயதானவரைச் சிறுபிள்ளையாக நடத்துவது அவருடைய கௌரவத்தைக் குலைப்பதாகும் என்பதில் இவ்வில்லத்தார் உறுதியாயிருக்கிறார்கள்.

நோய் இதனால் தீராது என்பது உண்மையே. எனினும், தீராத நோயோடு வாழ்பவருக்கும் தாம் பிறருக்குப் பயன்படுகிறோம் என்ற திருப்தி அவசியமாகையால், இல்லம் நடத்துவோர் இத்தொழிலை ஆயாமாருக்கு முறையாகக் கற்பித்து, அதற்கென நேரமும் நியாயமான சம்பளமும் ஒதுக்க வேண்டும். பெற்றோரை இத்தகைய இல்லங்களில் சேர்ப்போரும், மருந்துச் சீட்டோடு நின்றுவிடாமல், அவர்கள் செய்த தொழில், கேட்டு மகிழ்ந்த பாட்டு, கைப்பழக்கங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்களாக. அங்கே பணி புரிவோருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.