கப்பலில் அம்மாவுக்கும் லீவு உண்டா?

சிங்கப்பூர் டூர் என்றால் முன்பெல்லாம் செந்தோசா, பறவைப் பூங்கா, முஸ்தபா கடை என்று முடிந்துவிடும். இப்போது அந்தப் பட்டியலில் கப்பலும் சேர்ந்துவிட்டது. மெரினா பே துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று மூன்று, நாலு இரவுகள் கடலில் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து இறங்கலாம். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. கடல் பயணம் என்பது பணக்காரர்கள் சமாசாரம் என்ற நினைப்பு மாறி, சீட்டுப் பணம் எடுத்தும் போனஸ் சேர்த்தும் குடும்பத்தோடு போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கப்பல் பயணத்தை வீட்டில் முன்மொழிகிறவர்கள் அம்மாவிடம் சொல்லும் முதல் காரணம் ஒன்றுதான். "நீ சமைக்க வேண்டாம். பாத்திரம் கழுவ வேண்டாம். படுக்கை விரிக்கக்கூட ஆள் வருவார்கள்."

அது உண்மைதான். மூன்று வேளையும் சாப்பாடு தயார். அறையைத் தினமும் சுத்தம் செய்ய ஸ்டீவர்ட் வருகிறார். குடிதண்ணீர் பிடிக்க வேண்டாம், பால் வாங்க வேண்டாம். வீட்டு வேலைகளெல்லாம் துறைமுகத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒன்றே ஒன்று மட்டும் டிக்கெட் இல்லாமல் கூடவே ஏறிவிடுகிறது. அது துணி.

கணக்குப் போட்டால் இது சின்ன விஷயம் இல்லை என்பது புரியும். காலையில் ஊர் சுற்ற ஒரு உடுப்பு, மாலையில் நீச்சல் குளத்துக்கு ஒன்று, இரவு விருந்துக்குக் கொஞ்சம் எடுப்பாக ஒன்று. நாலு பேர், நாலு நாள், நாளுக்கு மூன்று உடுப்பு என்றால் 48 உடுப்பு. இதோடு கப்பலுக்கு முன்னும் பின்னும் சிங்கப்பூரில் தங்கும் நாட்களுக்கான துணி வேறு. விமானத்திலோ எடைக்குக் கட்டுப்பாடு. கப்பல் அறையோ சிறியது. சாதாரண உள்பக்க கேபின் பெரும்பாலும் 150-லிருந்து 180 சதுர அடிக்குள்தான் இருக்கும். நம் வீட்டுப் படுக்கையறையைவிடச் சற்று பெரிது அல்லது சிறிது. அதற்குள்ளேயே கட்டில், அலமாரி, குளியலறை எல்லாம் அடக்கம்.

இந்தப் பெட்டிகளை அடுக்குகிறவர் யார் என்று கேட்டால், பத்தில் ஒன்பது வீடுகளில் ஒரே பதில்தான் வரும். பையனுக்கு எந்த பேன்ட் இடுப்பில் இறுகிவிட்டது, மாமியாருக்கு ஏசி குளிருக்கு எந்தச் சால்வை, கணவரின் மாத்திரை எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். அதனால் கப்பலில் ஏறிய பிறகும் "என் சாக்ஸ் எங்கே?", "என் டி-ஷர்ட் எந்தப் பெட்டியில்?" என்ற கேள்விகள் அவரைத் தேடியே வருகின்றன. மேல்தளத்தில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் குளியலறையில் உள்ளாடைகளை அலசிக்கொண்டிருப்பார். நாளைக்கு வேண்டுமே!

நம் ஊர்க்காரர்களுக்குக் கப்பலும் பெட்டியும் புதிதல்ல. 1926-லிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குப் போய்வந்தது. டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக மேல்தளத்தில் இடம் பிடித்து, கிட்டத்தட்ட ஒரு வாரம் பயணம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அது பிழைப்புக்கான பயணம். கட்டியிருக்கும் துணியோடு இன்னும் ஓரிரண்டு இருந்தாலே போதும் என்று போனார்கள்.

அதே காலத்தில் வெள்ளைக்காரப் பயணிகளின் பெட்டிகளில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். 'பயணத்தில் தேவை' என்று ஒன்று, 'பயணத்தில் தேவையில்லை' என்று ஒன்று. தேவையில்லாதவை கப்பலின் அடித்தளக் கிடங்குக்குப் போய்விடும். இறங்கும் ஊரில்தான் கைக்கு வரும். இன்றைக்கு அந்தச் சீட்டு இல்லை. ஆனால் பெட்டி அடுக்கும்போது ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் பாதிப் பெட்டி குறைந்துவிடும்.

புடவை கட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கஞ்சி போட்ட நூல் புடவை ஒரு தடவை கட்டி மடித்தாலே கசங்கிவிடும். கப்பல் அறையில் நாமே அதை இஸ்திரி போட வழி கிடையாது. பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் இஸ்திரிப் பெட்டியை அறைக்குள் கொண்டுவர அனுமதிப்பதே இல்லை. பெட்டியைச் சோதிக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தருவார்கள். வெந்நீர்க் கெட்டில், மெழுகுவத்தி, ஊதுவத்திக்கும் இதே கதிதான்.

இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கப்பலில் எல்லாவற்றையும்விடப் பயப்படும் விஷயம் தீ. வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம்; நடுக்கடலில் எங்கே ஓடுவது? ரஜூலாவுக்குப் பிறகு அதே வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985-ல் தீப்பிடித்து உயிர்கள் பறிபோனதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே கசங்காத துணிகளே கப்பலுக்கு நல்லது. கிரேப், ஜார்ஜெட் புடவைகள், மெல்லிய சிந்தெடிக் சுடிதார்கள் எடையும் குறைவு, சீக்கிரமும் காயும். லேசான கசங்கலுக்கு, சுடுதண்ணீரில் குளித்த கையோடு குளியலறையில் ஹேங்கரில் மாட்டி வைத்தால் அந்த ஆவியிலேயே ஓரளவு நீவிக்கொள்ளும்.

சரி, துவைப்பது எப்படி? இது கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். டைட்டானிக் காலத்தில் பெரிய கப்பல்களில்கூடச் சலவையகம் கிடையாது. டைட்டானிக்கில் போய்வரும் பயணம் முழுமைக்கும் தேவையான விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், கரையில்தான் துவைப்பதாக ஏற்பாடு. இன்றைய கப்பல்களில் பெரிய சலவையகங்களே இருக்கின்றன. பயணிகளின் துணியையும் வாங்கித் துவைத்துத் தருவார்கள். ஆனால் உருப்படிக் கணக்கில் கொடுத்தால், ஒரு சட்டைக்குக் கேட்கும் காசில் நம் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு வாரத் துணியைத் தேய்த்து வாங்கிவிடலாம். இதற்கு மாற்றாகச் சில கப்பல்களில், ஒரு பையில் திணிக்கிற அளவு திணித்துக் கொடுத்தால் மொத்தமாக ஒரே கட்டணம் என்று பயணத்தின் நடுவில் சலுகை அறிவிப்பார்கள். துவைத்து மடித்து வரும், இஸ்திரி கிடையாது. உள்ளாடை, குழந்தைகளின் டி-ஷர்ட் போன்றவற்றுக்கு இது லாபம்.

குனார்டு நிறுவனத்தின் கப்பல்களில் பயணிகளே துவைத்துக்கொள்ளும் இயந்திர அறை இலவசமாக உண்டு. கார்னிவல் கப்பல்களில் காசு கொடுத்துப் பயன்படுத்தலாம். சிங்கப்பூரிலிருந்தும் புறப்படும் ராயல் கரீபியன் கப்பல்களில் அப்படி ஓர் அறையே இல்லை. ஏறிய பிறகு தேடுவதைவிட டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது.

கையில் துவைப்பதுதான் வழி என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. பக்கெட்டும் குவளையும் இருக்காது. முகம் கழுவும் தொட்டிதான் வாளி. துவைத்ததை முறுக்கிப் பிழிந்த பிறகு, காய்ந்த துண்டுக்குள் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். குளிக்கும் இடத்தில் இழுத்துக் கட்டும் சின்னக் கொடி பல கேபின்களில் உண்டு. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து வாங்கிப்போனால் தொப்பி, பை, ஈர நீச்சல் உடை எல்லாவற்றுக்கும் உதவும். ஜீன்ஸைத் துவைக்கவே வேண்டாம். இறங்கும் நாள்வரை காயாது.

பால்கனி இருக்கிறதே, வெயிலும் காற்றும் சும்மா போகிறதே என்று நமக்குக் கை பரபரக்கும். அங்கே காயப்போடக் கூடாது. கடல் காற்று வேகத்தில் துணி பறந்து கடலுக்கோ அடுத்தவர் பால்கனிக்கோ போய்விடும். கப்பல் நிர்வாகமும் தடை செய்திருக்கும். விளக்கின் மேல் போட்டுக் காயவைப்பது அதைவிட ஆபத்து.

முதல் நாளும் கடைசி நாளும் தனிக் கவனம் வேண்டும். ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தைகளின் நீச்சல் உடை, ஒரு மாற்று உடுப்பு இவையெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். அறைக்குப் பெட்டி வந்ததும் துணியை அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

கடைசி நாள் இரவு, பெட்டிகளைப் பூட்டி வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். ஆட்கள் இரவோடு இரவாக எடுத்துப்போய், மறுநாள் துறைமுகத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு, காலையில் நைட்டியோடும் லுங்கியோடும் விழித்தவர்களின் கதைகள் கப்பல் உலகத்தில் ஏராளம். மறுநாள் போடும் உடையும் செருப்பும் வெளியே இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்ட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இதையெல்லாம் செய்யப்போவது யார்? காந்தக் கொக்கி வாங்குவது, கொடி கட்டுவது, பையை நிரப்புவது, கடைசி இரவு சரிபார்ப்பது எல்லாமே அம்மாவின் பட்டியலில் சேர்ந்தால், கப்பல் அவருக்கு வேறு ஊரில் இருக்கும் வீடுதான்.

இதற்குத் தீர்வு பெரிய விஷயம் இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அவரவர் பையை அவரவரே அடுக்கட்டும். பையனின் பையில் நாலு டி-ஷர்ட் இருந்து ஒரு பேன்ட்தான் இருந்தால், இருக்கட்டும். ஒரே பேன்ட்டில் நாலு நாள் சுற்றிவிட்டு வந்தால் அடுத்த தடவை எண்ணி வைப்பான். குளிக்கப்போகிறவர் தன் உள்ளாடையைத் தானே அலசிக் கொடியில் போடட்டும். இரண்டு நிமிட வேலை. சலவைப் பையை நிரப்பி ஸ்டீவர்டிடம் கொடுப்பதை அப்பா எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டணத்தை வீண்செலவு என்று கணக்குப் பார்க்க வேண்டாம். டிக்கெட்டுக்கு அவ்வளவு கொடுத்த பிறகு, வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் லீவு கிடைக்காமல் போவதுதான் வீண்செலவு.

அப்படிக் கொடுக்கும் துணியும் தானாக வெளுத்துவிடுவதில்லை. பயணிகள் கண்ணில் படாத கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத சூடான அறைகளில், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சீனா, இந்தியா என்று பல நாட்டுத் தொழிலாளர்கள் முறைவைத்துத் துவைக்கிறார்கள். வீட்டைவிட்டு மாதக்கணக்கில் கடலிலேயே இருக்கிறவர்கள் அவர்கள். நாளுக்கு நாலு துண்டு எடுத்துத் தரையில் போடுவதற்குப் பதில், ஒன்றைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தினால் அவர்களின் சுமையில் கொஞ்சம் குறையும். கப்பலின் தண்ணீரும் மிச்சமாகும்.

அந்தத் தொழிலாளர்களுக்காவது சர்வதேசச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கப்பல் ஊழியர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஓய்வைக் கணக்கிடும் முறையில், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்கிறது. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அப்படி ஓர் உடன்படிக்கையும் கிடையாது. வீட்டில் இருக்கிறவர்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதைக் கடலோடு விட்டுவிடவும் கூடாது. பயணத்தின் கடைசிக் கட்டம் துறைமுகத்தில் முடிவதில்லை. ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலை, நாலு பெட்டி அழுக்குத்துணி கூடத்தில் கிடக்கும்போதுதான் முடிகிறது. அந்தப் பெட்டிகளை யார் திறந்து, யார் பிரித்து, யார் வாஷிங் மெஷினில் போடுகிறார்கள் என்பதையும் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், அம்மாவுக்கு லீவு இன்னும் ஒரு நாள் கூடும்.