மங்கிய நாடாவும் மறைந்த படமும்

விழாமலருக்கு யாதேனும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரிக் காலக் குறும்புகளை எழுதவே யாம் முதலில் எண்ணினோம். ஆயின், அண்மையில் எம் இல்லத்தில் நேர்ந்த ஓர் இழப்பு எம் பேனாவை வேறு வழியிற் செலுத்திவிட்டது.

எமது ஊர் களுதாவளை. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே வெற்றிலைக் கொடி தழைக்கும் மணல் நிலம். 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் எம் வீட்டுக்குத் தொலைக்காட்சியும், அதன்பின் 'டெக்' எனப்பட்ட பதிவுக் கருவியும் வந்து சேர்ந்தன. எம் பெரியப்பா வடமோடிக் கூத்தில் வல்ல அண்ணாவியார். அவர் மத்தளம் முழக்கிய கூத்தொன்று ஒளிபரப்பாகிய இரவில் அதனை நாடாவிற் பதிந்து வைத்தோம். கடற்காற்றின் ஈரத்தால் நாளடைவில் அந்நாடாவிற் பூஞ்சணம் படர்ந்தது.

பல்லாண்டு கழித்து உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்தது. பழைய படம் 576 கோடுகளால் ஆயது. புதியதோ 1,080 கோடுகளால் ஆயது. முதுமையிற் பெரியப்பா அளித்த செவ்வியைச் செய்மதிப் பெட்டியோடு இணைத்த வன்தட்டிற் பதிந்தோம். அவர் விரல்களின் நடுக்கமும் தெரிந்தது! இனி என்ன குறை என இறுமாந்து, வேறு பிரதி எடுத்திலோம்.

பெரியப்பா காலமானார். ஆண்டுத் திவசத்தன்று அவர் பேத்தி, "சித்தப்பா, அப்பப்பா பேசினதைப் போடுங்க" என்றாள். அதற்கு முந்திய வாரமே மின்னல் தாக்கிப் பெட்டி பழுதாகியிருந்தது. புதுப் பெட்டியில் இணைத்தோம், படம் வரவில்லை. இத்தகைய பெட்டிகள் பல, பதிவை மறைகுறியாக்கிப் பூட்டித் திறவுகோலைத் தம்முள்ளேயே வைத்துக்கொள்வன என்பதை அன்றே அறிந்தோம். தட்டு நலமே, திறவுகோல்தான் பெட்டியோடு மாண்டது. ஒளிபரப்பிய நிலையத்தாரை வினவினோம். அவர்களிடமும் பிரதி இல்லை.

இது புதுமையன்று. பிபிசி நிறுவனமே 1960களிலும் 1970களிலும் நாடாக்களை மீண்டும் பயன்படுத்துதற்பொருட்டுப் பல நிகழ்ச்சிகளை அழித்தது. மாறாக, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார், 2012இல் மறையுமளவும், முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பல்லாயிரம் நாடாக்களில் வீட்டிலிருந்தே பதிந்து காத்தார்.

அன்று மாலை பூஞ்சண நாடாவைத் தேடி எடுத்தோம். மட்டக்களப்பு நகரில் ஒருவர் அதனைத் துடைத்துக் கணினிக் கோப்பாக்கித் தந்தார். படம் மங்கலே, ஆயினும் மத்தளம் முழங்கிற்று. பேத்தி கண்கொட்டாது பார்த்திருந்தாள்.

ஏடு செல்லரிக்குமுன் மறு ஏடு எழுதிய மரபினர் நாம். தெளிவு வேறு, நிலைபேறு வேறு என்பதை யாம் மறந்தோம். மாணவத் தம்பியரே! அரியதொன்றைப் பதிந்தால், எக்கருவியிலும் திறக்கத்தக்க கோப்பாக, இரண்டு தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். மூன்றாவது பிரதிக்குக் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரி ஒதுக்கப்படுமாயின், அதில் முதலாவதாக வைக்கப்படுவது எம் பெரியப்பாவின் மத்தள ஒலியாகுக.

வாழ்க கல்லூரி அன்னை!